கட்டத்துக்குள் தமிழ் நிற்காதா?

"கிரிப்டிக் குறுக்கெழுத்து ஆங்கிலத்தின் சொத்து, தமிழில் அது எடுபடாது." இந்தத் தீர்ப்பைப் பலர் வாயிலும் கேட்டுவிட்டேன். ஆங்கிலப் பத்திரிகையின் கட்டத்தை நாள் தவறாமல் நிரப்பும் நெய்வேலி டவுன்ஷிப் நண்பர்கள் சொல்கிறார்கள். தமிழாசிரியர்கள் சொல்கிறார்கள். எந்தப் பக்கத்தில் எது போக வேண்டும் என்று தீர்மானிக்கிற இதழ்க்காரர்களும் இதையே சொல்லி, பழைய பாணிக் கட்டத்தையே வாராவாரம் அச்சிடுகிறார்கள். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாததால் இது உண்மைபோல் நடமாடுகிறது. உண்மை இல்லை. அவர்கள் அடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்காது.

எதிர்த்தரப்பை முதலில் முழுசாக வைத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான். உதிர்த்து, குலுக்கி, வேறு சொல்லாக அடுக்கலாம். தமிழில் 247, மெய்யும் உயிரும் ஒட்டிப் பிறந்தவை, குலுக்கினால் எதுவும் தேறாது. இரண்டாவது, தமிழ்ச் சொல்லின் வாலில் உருபும் விகுதியும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொல் தனியாக நிற்கும். மூன்றாவது, இது நம் மரபில் இல்லாத இறக்குமதிச் சரக்கு. நான்காவது, மேல்தட்டுப் பொழுதுபோக்கு; சாதாரண வாசகருக்கு எட்டாது. ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது: விடையைச் சொன்ன பிறகும் ஒரு பத்தி விளக்கம் வேண்டியிருக்கிற புதிர் தோற்றுப்போன புதிர். கடைசியாக வருவது, "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வி.

இவ்வளவுதான் வழக்கு. பதில் சொல்வதற்கு முன், இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்காக ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன்.

சாதாரணக் குறுக்கெழுத்தில் "சோழர் தலைநகர் (5)" என்று இருக்கும். தெரிந்தால் தஞ்சாவூர் என்று எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை. கிரிப்டிக் குறிப்பு வேறு விதம். அதில் விடைக்கு இரண்டு வழி இருக்கும்: ஒரு பாதி விடையின் நேர்ப்பொருள், மறுபாதி அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டிக் காட்டும். எது எந்தப் பாதி என்பதை மறைத்து, இரண்டையும் ஒரே வாக்கியமாக்குவதுதான் புதிர் அமைப்பவரின் திறமை. நான் அமைத்த ஒன்று இது:

"வெண்ணெயை உருக்கி அடுத்து இருபது மா, நிலக்கரி நகரம் (4)."

படித்ததும் அடுப்படிதான் கண்முன் வரும். இருபது மாம்பழமா, அரிசி மாவா என்று மனம் ஓடும். பொறி அங்கேதான். உருக்கிய வெண்ணெய் நெய். மா என்பது காவிரிப் படுகையின் பழைய நில அளவு. இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. நெய்க்கு "அடுத்து" வேலி வந்தால் நெய்வேலி, எழுத்து நான்கு. "நிலக்கரி நகரம்" என்ற நேர்ப்பொருளும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. இரண்டு வழியும் ஒரே வாசலில் வந்து முடிந்தபின் சந்தேகத்துக்கு இடமில்லை. குறிப்பில் வீணான சொல்லும் இல்லை.

"தமிழில் நடக்காது" என்பவர்களுக்கு இன்னொரு தகவல். அமெரிக்காவில் வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் இதே முறையில் அமைந்த தமிழ்க் குறுக்கெழுத்துகளைப் பல ஆண்டுகளாகக் கொடுத்திருக்கிறார். கடல்தாண்டி நடந்த காரியம் கடலூர் மாவட்டத்தில் நடக்காதா? இனி காரணங்களுக்கு வருகிறேன்.

ஒன்று: எழுத்து உதிராது என்பது.

யார் சொன்னது உதிராது என்று? உயிர்மெய்யைப் பிளக்க வேண்டிய அவசியமே இல்லை. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கு ஓர் எழுத்து, ம் ஓர் எழுத்து. அந்த அலகைக் குலுக்கிப் பாருங்கள்.

"பதம் சிரம் கலைந்து ஆடும் கூத்தன் ஊர் (6)."

பதம் என்றால் கால், சிரம் என்றால் தலை. காலும் தலையும் கலைய ஆடுகிறவனைப் பற்றிய வாக்கியமாகத்தான் முதலில் படிப்போம். இப்போது எழுத்துகளை மட்டும் பாருங்கள்: ப, த, ம், சி, ர, ம். "கலைந்து ஆடும்" என்பது இவற்றைக் கலைத்துப் போடச் சொல்லும் உத்தரவு. கலைத்து அடுக்கினால் சி, த, ம், ப, ர, ம். ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூத்தன் ஊர் சிதம்பரமேதான். இந்த எழுத்துகளை நான் உண்டாக்கவில்லை. சொல்லுக்குள் கிடந்தவற்றை எடுத்து வைத்தேன். சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் எத்தனை முறை அந்தப் பெயர்ப்பலகையைப் படித்திருப்பார்கள்!

ஒரு சிரமம் உண்மையானது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. எனவே குறுக்குச் சொல்லின் ம் விழுகிற கட்டத்தில் ஒரு நெடுக்குச் சொல்லைத் தொடங்க முடியாது. கட்டம் போடுகிறவருக்கு வேலை கூடுகிறது. கூடட்டும். அது அவர் பாடு. விடை தேடுகிறவருக்கு இதனால் நட்டமில்லை, லாபம்தான் உண்டு. ஆங்கிலக் கட்டத்தில் குறுக்கிடும் சொல்லிலிருந்து ஒரு 'ஈ' கிடைத்தால் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. ஆயிரக்கணக்கான சொற்களில் அந்த எழுத்து உண்டு. தமிழ்க் கட்டத்தில் ஒரு 'லூ' கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 247 எழுத்து இருப்பதன் பொருள் அதுதான்: ஒவ்வோர் எழுத்தும் கூடுதலாகத் துப்புச் சொல்லும். எதைக் குறை என்று சொன்னார்களோ அது தேடுகிறவர் கையில் கொடுத்த விளக்கு.

இரண்டு: உருபும் விகுதியும் ஒட்டிக்கொள்ளும் என்பது.

ஒட்டிக்கொள்ளும்தான். "பதமும் சிரமும்" என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன குறிப்பு பாழாகியிருக்கும்; மு என்ற எழுத்து இரண்டு முறை நுழைந்திருக்கும். ஆனால் நான் அப்படி எழுதவில்லை. "பதம் சிரம்" என்று உம்மை தொக்கு நிற்கிறது. இலக்கண வகுப்பில் உம்மைத்தொகை, வேற்றுமைத்தொகை, வினைத்தொகை என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, அந்தத் தொகைகள்தான் தமிழில் புதிர் எழுதும் வழி. உருபை மறைத்துவிட்டுப் பொருளைக் காப்பாற்றும் ஏற்பாட்டை இந்த மொழி தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒட்டும் மொழி என்பதற்காக ஒதுக்குகிறவர்கள், ஒட்டாமல் நிற்கவும் இதற்குத் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வால் நீண்டாலும் தலை பாதிக்காத இடங்களும் ஏராளம். எங்கள் பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

"நகரும் புயலுக்குள் சிக்கியது, ஆலைக்குப் போக வேண்டிய பயிர் (4)."

சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது வயலில் நின்ற பயிர் என்ன ஆனது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனவே இந்த வாக்கியத்தைப் படிக்கிறவர் அந்த நினைவுக்குள் போய்விடுவார், எழுத்தைப் பார்க்கமாட்டார். பாருங்கள்: ந-க-ரு-ம் பு-ய-லு. முதல் எழுத்தையும் கடைசி எழுத்துகளையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை வாசியுங்கள். கரும்பு. "புயல்" என்பது "புயலுக்குள்" என்று நீண்டபோதும் உள்ளே ஒளிந்திருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்த ஒன்றைச் சொல்லும் வாக்கியம், தன் வயிற்றிலேயே விடையை வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் இதைவிட நேர்மையான குறிப்பு எழுதுவது கடினம்.

மூன்று: நம் மரபில் இல்லாதது என்பது.

இதைச் சொல்கிறவர் தமிழாசிரியராக இருந்தால் எனக்கு வருத்தம் கூடும். தொல்காப்பியம் செய்யுள் வகைகளை எண்ணும்போது பாட்டு, உரை, நூல் என்ற வரிசையிலேயே பிசியையும் வைக்கிறது. புதிர் சொல்வதை இலக்கணத்துக்குள் உட்காரவைத்த மொழி இது. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்து பாருங்கள். சொல்லிலிருந்து ஓர் எழுத்தை நீக்க நீக்க வேறு வேறு பொருள் வருவது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டக் கூட்டப் புதுச்சொல் வருவது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கும் மாலைமாற்றுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், நம் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

இவற்றில் நான் நின்று பார்க்கச் சொல்வது வினாவுத்தரத்தை. தண்டியலங்காரம் அதற்குக் காட்டும் உதாரணம் இப்படி நடக்கிறது. பூமகளின் பெயர் கேட்கப்படுகிறது: திரு. ஒருவனைப் போகச் சொல்ல என்ன சொல்வோம்: ஏகு. போரில் எய்வது எது: அம்பு. அழகைக் குறிக்கும் சொல் எது: அம். கடைசிக் கேள்வி, பிறைசூடிய இறைவன் விரும்பி உறையும் இடம். முன்வந்த நான்கு விடைகளையும் புணர்த்துங்கள்: திரு, ஏகு, அம்பு, அம் சேர்ந்தால் திருவேகம்பம். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில். துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவது ஒரு வழி, நேர்ப்பொருள் ஒரு வழி, இரண்டும் ஒரே விடையில் முடிகின்றன. நெய்வேலிக் குறிப்பில் நான் செய்ததும் இதுதான். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. புணர்ச்சி தடை என்று சொல்கிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். திருவுக்கும் ஏகுவுக்கும் நடுவே வகர உடம்படுமெய் வருகிறது, ஏகுவின் உகரம் கெடுகிறது. அந்தப் புணர்ச்சியே விளையாட்டின் ருசியாகிறது.

அதற்காக "எல்லாம் நாங்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டோம்" என்று மார்தட்டுவதும் எனக்கு ஒப்பாது. கட்டம் நம்முடையது அல்ல. ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் போட்டதிலிருந்து அந்த வடிவம் உலகெங்கும் பரவியது. 1920-களில் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையில் டார்க்குமாடா என்ற புனைபெயரில் பவிஸ் மேதர்ஸ் குறிப்புகளை முழுக்க மறைபொருளாக்கினார். புலமை காட்டும் வித்தையாக நம்மிடம் இருந்ததை, யாரும் காலைக் காப்பியோடு செய்துபார்க்கும் நாள்வேலையாக அவர்கள் ஆக்கினார்கள். அந்தப் பெருமை அவர்களுக்குச் சேரட்டும். கட்டம் வெளியிலிருந்து வந்தது என்பதால் உள்ளே எழுதக் கூடாது என்றால், நாவலும் சிறுகதையும் எழுதியிருக்கக் கூடாது.

ஆங்கிலப் புதிரே இங்கே யார் கையில் இருந்தது? 1958-இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர். ஓய்வுபெற்ற பிறகு 'தி இந்து'வுக்குக் குறுக்கெழுத்து அமைத்துக் கொடுத்தவர் அவர். அந்நிய மொழியில் அமைக்கத் தெரிந்த மண்ணுக்குத் தன் மொழியில் அமைக்க வராது என்பது என்ன நியாயம்?

நான்கு: சாதாரண வாசகருக்கு எட்டாது என்பது.

எந்தச் சாதாரண வாசகர்? தமிழ்வழியில் படித்த ஒவ்வொருவரும் பள்ளித் தேர்வில் "பிரித்தெழுதுக", "சேர்த்தெழுதுக" என்ற கேள்விகளுக்கு விடை எழுதியவர்கள். எழுத்துகளை மாற்றி அமைத்துச் சொல் கண்டுபிடித்தவர்கள். நெய் கூட்டல் வேலி நெய்வேலி என்பது பிரித்தெழுதுக இல்லாமல் வேறென்ன? கிரிப்டிக் குறிப்புக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் நம் பிள்ளைகள் கையில் வந்துவிடுகின்றன. அவற்றை வைத்து விளையாட இடம் கொடுக்காமல், இரண்டு மதிப்பெண்ணோடு பிடுங்கி வைத்துவிடுகிறோம்.

சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் நெய்வேலிக் குறிப்பைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஆங்கிலக் கட்டத்தில் கைதேர்ந்த ஒருவர் மாவிலேயே நின்றுவிட்டார். அரிசி மாவா, கோதுமை மாவா என்று இருபது வகை தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தினத்தாளை மடித்து வைத்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். குறுக்கெழுத்து என்றால் என்னவென்றே அவர் கேட்டதில்லை. "இருவது மான்னா ஒரு வேலிங்க" என்றார். பிறகு, "நெய்யி... நெய்வேலி! அட!" என்று தானே முடித்தார். அடுத்த குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை? ஆங்கிலப் புதிருக்கு லண்டன் ரயில் நிலையங்களும் கிரிக்கெட் சொற்களும் ராணுவப் பதவிச் சுருக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும். அது மேல்தட்டு விளையாட்டாக இங்கே ஆனதற்குக் காரணம் புதிரின் தன்மை இல்லை. அது கேட்ட அறிவு நம் தெருவில் கிடைக்காத அறிவு. தமிழில் எழுதினால் அது கேட்கும் அறிவு வேலியும் மாவும், கரும்பும் கூத்தும், பதமும் சிரமும். அந்த அறிவு டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியேதான் அதிகம் இருக்கிறது. மேல்தட்டுச் சமாச்சாரம் என்று சொல்லித் தமிழில் கொடுக்க மறுப்பவர்கள்தான் அதை மேல்தட்டிலேயே பூட்டி வைக்கிறார்கள்.

ஐந்து: விளக்கம் வேண்டியிருந்தால் புதிர் தோற்றது என்பது.

இதற்குத்தான் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு நம்பிக்கையால்தான், கிரிப்டிக் புதிர் போடும் ஆங்கிலப் பத்திரிகைகளும் மறுநாள் வெறும் விடைக் கட்டத்தை மட்டும் அச்சிட்டுவிட்டுப் போகின்றன. நெய்வேலி என்று விடை வருகிறது. ஏன் நெய்வேலி என்று வருவதில்லை. ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவர் வெளியிலேயே நிற்பார். வருடக்கணக்கில் விடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் உள்ளே போகும் வழி அவருக்குத் தெரியாது.

விளக்கம் எதற்கு என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியா முழுக்கப் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி பெரும் வியாபாரமாக நடந்தது. தமிழ் வார இதழ்களிலும் வந்தது. அதன் குறிப்புகள் எப்படி இருக்கும்? "உழவனுக்கு இது இருந்தால் கவலை இல்லை: _டு" என்று கேட்டால் மாடும் பொருந்தும், காடும் பொருந்தும், வீடும் பொருந்தும். எது சரி என்பது நடத்துகிறவர் வைத்திருக்கும் முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். நீங்கள் எவ்வளவு யோசித்தாலும் கடைசியில் அவர் மனசில் உள்ளதைக் குருட்டாம்போக்கில் தொட வேண்டும். எனவேதான் நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1957-இல் சமர்பாக்வாலா வழக்கில் நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் போட்டிக்கே இந்தச் சட்டம், பெரும்பகுதி திறமையால் வெல்லும் போட்டிக்கு இது பொருந்தாது.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். விடையை நியாயப்படுத்திக் காட்ட முடிகிறதா, முடியவில்லையா என்ற இடத்தில். மாடுதான் சரி, காடு தவறு என்பதற்கு அந்த நடத்துநரால் ஒரு வரி விளக்கம் எழுத முடியாது. சிதம்பரம்தான் சரி என்பதற்கு என்னால் எழுத முடியும், எழுதியும் காட்டிவிட்டேன். விளக்கம் என்பது புதிரின் தோல்விக்குச் சான்று என்றார்கள். புதிர் சூதாட்டம் இல்லை என்பதற்கு அதைவிட்டால் வேறு சான்று கிடையாது.

புதிர் அமைப்பவருக்குக் கடிவாளமும் அதுதான். ஒருவர் இப்படி ஒரு குறிப்பு எழுதியதாக வைத்துக்கொள்வோம்: "கடலூருக்கு அருகே ஓர் ஊர் (4)." விடை வடலூர் என்கிறார். ஏன் நெய்வேலி கூடாது? அதுவும் நான்கு எழுத்துதானே? விளக்கம் எழுத உட்கார்ந்தால் அவருக்கே பதில் இருக்காது. திருத்தி எழுதுகிறார்: "மாவட்டத் தலைநகரின் தலையை மாற்றினால் ஞான சபைத் தலம் (4)." கடலூரில் க போய் வ வந்தால் வடலூர், வள்ளலார் 1872-இல் சத்திய ஞான சபை கண்ட ஊர். பரவாயில்லை. ஆனால் விளக்கம் இன்னும் உறுத்தும்: தலையை மாற்று என்றீர்கள், எதுவாக மாற்ற என்று சொன்னீர்களா? மறுபடி எழுதுகிறார்: "கடலூர் தலைமை போய் வள்ளலார் தலைமை வந்த ஞான சபைத் தலம் (4)." இப்போது கடலூரின் முதலெழுத்து போகிறது, வள்ளலாரின் முதலெழுத்து அந்த இடத்துக்கு வருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. வாக்கியமும் தமிழாக நிற்கிறது. மூன்று படியிலும் குறிப்பைத் திருத்தியது விளக்கம்தான். விளக்க வேண்டிய கடமை இல்லாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். நாமும் அவர் மூளையை மெச்சி, நம் மூளையை நொந்துகொள்வோம்.

ஆங்கிலத்தில் இந்த ஒழுங்கை வகுத்தவர் ஜிமெனீஸ் என்ற புனைபெயரில் எழுதிய மெக்நட் என்ற பள்ளி ஆசிரியர். 1966-இல் வந்த அவர் புத்தகம் சொல்வது சுருக்கமாக இதுதான்: ஒரு நேர்ப்பொருள், ஒரு நியாயமான சொல்விளையாட்டு, அதற்கு மேல் எதுவும் கூடாது. படிக்கிறவரைத் திசைதிருப்பலாம், ஏமாற்றக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எப்படிச் சரிபார்ப்பது? விளக்கி எழுதிப் பார்த்துத்தான்.

சுவை போய்விடுமே என்கிறார்கள். இதைத் தமிழில் சொல்வதுதான் எனக்கு வியப்பு. பரிமேலழகர் இல்லாமல் குறளைப் படித்தவர் எத்தனை பேர்? சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் இல்லையென்றால் தொல்காப்பியத்தின் பாதி இன்று நமக்குப் பூட்டிய பெட்டி. உரையாசிரியர் ஒரு சொல்லை எடுத்து, அது ஏன் இங்கே வந்தது, வேறு சொல் ஏன் வரவில்லை என்று நிறுவும்போது குறள் வாடிப்போகிறதா? நூலும் உரையும் சேர்ந்தே வளர்ந்த மொழி நம்முடையது. காளமேகத்தின் சிலேடையை வகுப்பில் விளக்கும்போதுதான் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வெறுமனே வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. விளக்கினால் மறையும் சுவையும் உண்டு, விளக்கினால்தான் தெரியும் சுவையும் உண்டு. பதம் சிரம் என்ற இரண்டு சொல்லில் சிதம்பரம் கிடந்தது இரண்டாவது வகை. விடை மட்டும் தெரிந்தவருக்கு அது ஓர் ஊர்ப்பெயர். வழியும் தெரிந்தவர் இனி அந்தப் பெயரைக் கலைத்துப் பார்க்காமல் கடக்கமாட்டார்.

இப்போது புதிதாக ஒரு வாதம் சேர்ந்திருக்கிறது: கைப்பேசியில் கேட்டால் இயந்திரமே விடை சொல்லிவிடுமே, மனிதர் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? சொல்லட்டும். மாட்டுவண்டிக்குப் பதில் பேருந்து வந்தது. அதனால் யாரும் காலை நடையை நிறுத்தவில்லை. அந்த இயந்திரத்திடமும் நான் கேட்பது அதேதான்: விடை வேண்டாம், ஏன் அது விடை என்று சொல்.

ஆறு: பயன் என்ன என்பது.

ஞாபகசக்தி வளரும், மறதிநோய் வராது என்று இதற்குப் பதில் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில், லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' வைத்த 12 நிமிடக் குறுக்கெழுத்துப் போட்டியில் கலந்துகொண்டவர்களில் சிலரைப் பிரிட்டிஷ் போர் அலுவலகம் எதிரியின் சங்கேதத்தை உடைக்கும் பணிக்கு அழைத்தது. அது நடந்த கதை. அதையும் இங்கே ஆதாரமாக்க வேண்டியதில்லை. கோலம் போடுவதற்குப் பயன் கேட்பதில்லை. மொழியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பதற்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

ஆனால் இந்த வழக்கைத் தள்ளுபடி செய்யாமல் விட்டால் வரும் விளைவு பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ் என்றால் மேடையில் புகழ்வதற்கு, தேர்வில் எழுதுவதற்கு. மூளையோடு விளையாட வேண்டுமானால் ஆங்கிலத்துக்குப் போ என்று பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். விளையாட்டு நடக்கிற மொழியில்தான் பிள்ளைகளின் மனம் நிற்கும். பதினைந்து வயதில் புணர்ச்சி விதியைச் சபித்துக்கொண்டே எழுதிய பையன், அதே விதியை வைத்து ஒரு பூட்டைத் திறந்தால், அதற்குப் பிறகு அவனுக்கு அது விதி இல்லை, சாவி.

தமிழ் இதழ் நடத்துகிறவர்களே, முழுக் கட்டம் வேண்டாம். ஞாயிறு இணைப்பில் நான்கு வரி இடம் கொடுங்கள். வாரம் ஒரு குறிப்பு போடுங்கள். அடுத்த வாரம் விடையும், அது ஏன் விடை என்ற ஒரு பத்தியும் போடுங்கள். முதல் சில மாதம் "புரியவில்லை" என்று கடிதம் வரும், தாங்கிக்கொள்ளுங்கள். தமிழாசிரியர்களே, பிரித்தெழுதுகவை இந்த வாரம் இப்படி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் குறிப்பைச் சுருக்குங்கள், படத்தை எடுத்துவிடுங்கள். விளக்கத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.